பதினோராம் நம்பர் வாட்ச்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். என் எழுத்தைப் பார்த்த வாத்தியார், "மழைக்கு ஒதுங்கின கோழி உன் நோட்டுமேல நடந்துபோயிருக்குதுடா" என்பார். பிழைகளும் இருக்கும். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் மோசமான கையெழுத்தால்தான் இந்தக் கதையே நடந்தது. அதனால் அதைப்பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சேலத்துக்கு மேலே மலையில், மஞ்சக்குட்டைக்குப் போகிற வழியில் இருக்கும் ஒரு காப்பி எஸ்டேட்டில் எனக்கு வேலை. என் அப்பா காலத்தில் கீழ்நாட்டிலிருந்து வந்து, தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய லயன் வீட்டில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. ஒரு வருஷம் பழம் பறிப்பு தொடங்கும் சமயத்தில், பட்டணத்திலிருந்து ஒரு டாக்டரம்மா ஷேர் ஜீப்பில் வந்து இறங்கினார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. தூக்கத்தை ஆராய்ச்சி செய்கிறவர். முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். மலைக்குப் பொருந்தாத செருப்பு போட்டிருந்தார். முதல் நாளே இரண்டு தடவை வழுக்கி விழுந்தார். இரண்டு தடவையும் அவரே முதலில் சிரித்தார்.

அவருக்கு உதவியாக எஸ்டேட் மேனேஜர் என்னை அனுப்பினார். எழுதத் தெரியும், வாயாட மாட்டான் என்பதுதான் காரணம். வாயாட மாட்டேன் என்பது உண்மை. பெண்களிடம் பேசவேண்டி வந்தால் தரையைப் பார்த்துத்தான் பேசுவேன். என் கல்யாணத்தில் தாலி கட்டும்போதுகூடத் தலையை நிமிர்த்தவில்லை என்று என் சம்சாரம் இன்றும் சொல்லிக்காட்டுவாள்.

டாக்டரம்மா ஒரு பெட்டி நிறைய வாட்ச் கொண்டுவந்திருந்தார். அதில் முள் இல்லை, மணி இல்லை. கறுப்பாக ஒரு பட்டை, நடுவில் சின்ன டப்பா. கை அசைவதை வைத்து, கட்டியிருப்பவர் எப்போது தூங்குகிறார், எப்போது விழித்திருக்கிறார் என்று அது குறித்துக்கொள்ளுமாம். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு நம்பர். பதினான்கு நாள் கட்டியிருக்க வேண்டும். காலையில் ஆளெடுக்கும் களத்தில் நான் ஒவ்வொருவரிடமும் நேற்று எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று கேட்டு நோட்டில் எழுத வேண்டும்.

வாட்ச் கட்டிய அன்றைக்குக் களத்தில் ஒரே சிரிப்பு.

"மணி பாக்க முடியாத வாட்ச்சு எதுக்குங் கண்ணு?" என்று கேட்டாள் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. பழம் பறிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. வாயிலும் அப்படித்தான்.

"நீங்க எவ்வளவு நேரம் தூங்கறீங்கன்னு இது சொல்லும்க்கா" என்றார் டாக்டரம்மா.

"அதுக்கு இவ்வளவு செலவெதுக்கு? என்ற மாமியாரக் கேட்டாப் போதுமே. நிமிசக் கணக்கா சொல்லுவாங்க."

டாக்டரம்மா அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் எல்லோருக்கும் அவரைப் பிடித்துப்போய்விட்டது. அன்று முதல் அவர் எங்களுக்குத் 'தூக்கத்து டாக்டரம்மா'. அவர் சொன்ன கட்டளை ஒன்றே ஒன்றுதான். பதினான்கு நாளும் வாட்ச் கையை விட்டு இறங்கக் கூடாது.

பதினோராம் நம்பர் வாட்ச் என் சம்சாரத்தின் கையில் இருந்தது. எட்டு நாள் கட்டினாள். ஒன்பதாம் நாள் ஆத்தூர்ப் பக்கம் அவள் தம்பிக்குக் கல்யாணம் வைத்துவிட்டார்கள். போக வர ஒரு வாரமாகும்.

"ஏனுங்க, இந்த வாட்ச்ச என்னுங்க பண்றது? கல்யாண ஊட்டுல மஞ்சத் தண்ணியும் சந்தனமும் பட்டு வீணாப்போயிருமே" என்றாள்.

"இங்க கழட்டிக் குடு."

"இறக்கக் கூடாதுன்னு அந்தம்மா சொன்னாங்களே?"

"நான் கட்டிக்கறேன். இறங்காது."

இந்த இடத்தில் எங்கள் எஸ்டேட் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒரு ஆளுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போகவேண்டும் என்றால், அந்த வீட்டிலிருந்து இன்னொருவர் வந்து அந்த வேலையைச் செய்யலாம். அக்காவுக்குப் பதில் தங்கை, மனைவிக்குப் பதில் கணவன். ஆள் மாத்து என்போம். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர், செக்ரோல் என்கிற வருகைப் புத்தகத்தில் பெயரை மாற்ற மாட்டார். பழைய பெயருக்கே வருகை போட்டு, அதன் அடியில் சின்னதாக ஒரு கோடு இழுத்துவிடுவார். கோடு இருந்தால் அன்று வந்தது வேறு ஆள் என்று அர்த்தம். வேலை நிற்கக் கூடாது, அவ்வளவுதான். யார் கை என்று யாரும் கேட்பதில்லை.

அதே மாதிரிதான் நானும் செய்தேன். பதினோராம் நம்பரை என் கையில் கட்டிக்கொண்டேன். அந்தப் பருவத்தில் எனக்குப் பழத்தோல் உரிக்கும் பல்ப்பர் கொட்டகையில் ராத்திரி வேலை. காலையில் களத்துக்குப் போய் எல்லோரிடமும் கேட்டு எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து பகலில் தூங்குவேன். பதினோராம் நம்பருக்கு நேராக என் தூக்கத்தை எழுதி, அடியில் ஒரு கோடு போட்டேன். நான் மட்டுமல்ல, இன்னும் மூன்று வீடுகளிலும் வாட்ச் இதே மாதிரி பறிப்பு ஆளிடமிருந்து கொட்டகை ஆளுக்குக் கை மாறியது. அவற்றுக்கும் மறக்காமல் கோடு போட்டேன். ஒரு நாளையும் விடாமல் சரியாக எழுதிவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை.

பதினான்கு நாள் முடிந்து டாக்டரம்மா பட்டணத்திலிருந்து திரும்பி வந்து நோட்டை வாங்கிப் புரட்டினார். "அண்ணா, உங்க கையெழுத்தைப் படிக்கத் தனியா ஒரு படிப்பு படிக்கணும் போல" என்று சிரித்துவிட்டு, பல இடங்களில் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிபார்த்தார். பதினோராம் நம்பருக்கு வந்ததும் நிறுத்தினார்.

"ஒன்பதாம் நாள்லேருந்து பகல்ல தூங்கியிருக்கு. கொட்டகை வேலையா?"

"ஆமாங்கம்மா. கொட்டகைதானுங்க."

நான் பொய் சொல்லவில்லை. கொட்டகையில் பெண்களும் வேலை செய்வார்கள். அந்த நம்பர் கட்டியவரைப் பறிப்பிலிருந்து கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். கோடு கண்ணெதிரிலேயே இருக்கிறதே, அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு பருவத்துக்கும் அவர் வந்தார். வேறு வேறு ஊர்களிலும் ஆராய்ச்சி செய்தார். செம்மநத்தம் விவசாயிகளிடமும் போய்ப் பேசினார். ஆனால் தங்குகிற நாட்களில் ஒருவேளைச் சாப்பாடாவது எங்கள் வீட்டில்தான். என் சம்சாரம் வைக்கும் ராகிக் களியைக் கையில் உருட்டத் தெரியாமல் தட்டு முழுக்க அப்பிக்கொள்வார்.

மூன்றாம் வருஷம் என்று நினைக்கிறேன், அந்த வாட்ச் ஆராய்ச்சிக் கட்டுரை அச்சாகிவிட்டது என்று சொல்லி ஒரு பிரதியும் பெரிய டப்பா நிறைய மைசூர்பாகும் கொண்டுவந்தார். கடைசிப் பக்கத்தில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டி, "இது உங்க பேர் அண்ணா. உங்க உதவிக்கு நன்றின்னு எழுதியிருக்கேன்" என்றார். இங்கிலீஷில் என் பெயர் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வழக்கம்போலத் தரையைப் பார்த்தேன்.

எங்கள் லயனுக்கு மேலே ஒரு பாறை உண்டு. போனில் சிக்னல் அங்கேதான் கிடைக்கும். டாக்டரம்மா வந்தவுடன் அதில் ஏறிப் போனைப் பார்ப்பார். இறங்கும்போது முகம் மலர்ந்திருக்கும். ஒரு நாள் நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அதுல என்னங்கம்மா பாக்கறீங்க?"

"சைட்டேஷன் அண்ணா. நான் ஒண்ணு கண்டுபிடிச்சு எழுதறேன் இல்லையா? வேற எங்கேயோ இருக்கிற ஒருத்தர் தன் கட்டுரை எழுதும்போது, 'இதை இன்னார் முன்னாடியே சொல்லியிருக்காங்க'ன்னு என் பேரைப் போட்டு, அதுக்குமேல தன்னுடையதைக் கட்டறார். அப்படி எத்தனை பேர் போட்டிருக்காங்கன்னு இங்க காட்டும். எங்களுக்கு மதிப்பே அதை வச்சுத்தான்."

"நாத்து வாங்கிட்டுப் போற மாதிரிங்களா? நல்ல தாய்ச்செடி இருந்தா நாலு தோட்டத்துக்காரங்க வந்து எடுத்துட்டுப் போவாங்க. அவங்க தோட்டத்துல காச்சாலும், இது இன்ன எடத்து நாத்துன்னுதான் பேச்சு."

"இதை விட நல்லா யாரும் எனக்குச் சொன்னதில்லை அண்ணா" என்றார் அவர்.

அதிலிருந்து பறிப்புப் பெண்களுக்கு அது விளையாட்டாகிவிட்டது. அவர் பாறையில் ஏறினால் கீழேயிருந்து, "இன்னைக்கு எத்தனை நாத்து போச்சுங் கண்ணு?" என்று அக்கா கத்துவாள். அவரும் மேலேயிருந்து விரலைக் காட்டுவார். ஒரு வருஷம் இரண்டு கை விரலும் போதவில்லை.

அந்த வருஷம்தான் அவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, கட்டுரையில் என்னதான் இருக்கிறது என்பதைத் தமிழில் எங்களுக்கு விளக்கினார். முதல் பக்கத்தில் ஒரு படம். நாளுக்கு ஒரு வரி, தூங்கிய நேரத்துக்குக் கறுப்புக் கட்டை. மேலே எட்டு வரிகளில் கறுப்புக் கட்டைகள் இடதுபக்கம். கீழே ஆறு வரிகளில் கட்டைகள் நடுவுக்கு வந்துவிட்டன.

"பாருங்க. இவங்க எட்டு நாள் ராத்திரி தூங்கியிருக்காங்க. வேலை மாறின அன்னைக்கே தூக்கமும் பகலுக்கு மாறிடுச்சு. ஒரு நாள்கூடத் தடுமாற்றம் இல்லை. பொதுவா உடம்பு இப்படி மாறாது அண்ணா, நாள் கணக்கா அல்லாடும். இங்க நாலு பேருக்கு உடனே மாறியிருக்கு. அதிலயும் இந்தப் பதினோராம் நம்பர் இருக்கே, இதுதான் என் கட்டுரைக்கே உயிர்."

நான் என் சம்சாரத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

அந்த எட்டு வரி அவள். கீழே இருக்கும் ஆறு வரி நான்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். நமக்கு என்ன தெரியும், படித்தவர்களுக்கு இது ஒரு பொருட்டாக இருக்காது என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அதற்கப்புறம் அவர் பாறையில் ஏறி விரல் காட்டும்போதெல்லாம் நான் எண்ணாமல் தரையைப் பார்த்தேன். நோய்ப்பட்ட செடியிலிருந்து நாற்று போகிறது. எந்தெந்த ஊருக்கோ போகிறது. தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் கும்பிட்டுக்கொண்டு கீழே நிற்கிறேன்.

இப்படி இரண்டு வருஷம் போனது. எங்கள் மகளைச் சேலத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை நூல் மில்லில் வேலை. ஒரு பொங்கலுக்கு வந்தவர் கண் சிவந்து, உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்து சாய்ந்து விழுந்தார். மில்லில் இப்போது மூன்று நாளைக்கு ஒருமுறை ஷிஃப்ட் மாற்றுகிறார்களாம்.

"கேட்டா, ஒடம்பு ஒரே நாள்ல பழகிக்கும், ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்காங்கங்கறாங்க மாமா" என்றார்.

அந்த மில்லுக்கும் எங்கள் டாக்டரம்மா கட்டுரைக்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அன்று என் தட்டிலிருந்த களியை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

அடுத்த மாதம் அவர் வந்தார். வரும்போதே பரபரப்பு. அவருடைய கல்லூரியில் பேராசிரியர் பதவிக்கு ஆள் எடுக்கிறார்கள். "எத்தனையோ எழுதியிருக்கேன். ஆனா இந்த ஒரு கட்டுரைதான் என்னைத் தூக்கி நிறுத்துது அண்ணா. ஆலைகள்ல ஷிஃப்ட் போடறதைப் பத்தி எழுதறவங்ககூட இதைச் சொல்லியிருக்காங்க" என்றார். பிறகு பாறைக்குப் போய்விட்டார்.

என் சம்சாரம் இடுப்பில் கைவைத்து என் முன்னால் நின்றாள்.

"ஏனுங்க, நீங்க சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா?"

"பதவி வர்ற நேரமடி. அதக் கெடுத்துப் போட்டா?"

"நாளைக்கு வேற ஒருத்தன் கண்டுபிடிச்சா நொம்ப அசிங்கமாப் போயிரும். நம்ம வாயால போனா நம்ம ஊட்டுப் புள்ளைக்கு நாம சொன்னதாப் போகும். எந்திரிங்க."

"நீயும் கூட வா."

"ஆள் மாத்துப் பண்ணுனது நீங்க. இதுக்கும் ஆள் மாத்தா? நீங்களே போங்க."

பாறையில் ஏறினேன். சாயங்காலம் நாலு மணி இருக்கும். கீழே பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறிக்கொண்டிருந்தது. அவர் போனைப் பிடித்துக்கொண்டு திரும்பிச் சிரித்தார்.

"அம்மா, பதினோராம் நம்பர் ஒரு ஆள் இல்லீங்க."

"அப்புறம்?"

"ரெண்டு ஆளுங்க. மேல எட்டு நாள் என்ற சம்சாரம். கீழ ஆறு நாள் நானுங்க."

நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து முதலில் சிரித்தார். நான் யாரையும் கிண்டல் செய்கிறவன் இல்லை என்பது உடனே நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சிரிப்பு நின்றது. நான் பாறையைப் பார்த்துக்கொண்டே கல்யாணம், ஆள் மாத்து, கொட்டகை எல்லாவற்றையும் சொன்னேன். என் ஆயுசில் அவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசியதில்லை.

"எத்தனை வாட்ச் அண்ணா?"

"நாலுங்க. நோட்டுலயே கோடு போட்டிருக்கேனுங்க. ரைட்டர் போடற மாதிரி, அடியில."

"கோடா?" என்றார். "அது பேனா இழுத்ததுன்னு நினைச்சேன் அண்ணா. உங்க கையெழுத்து..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

பிறகு, "நான் கேக்கவே இல்லையே. வாட்ச் கையை விட்டு இறங்கக் கூடாதுன்னு சொன்னேன். யார் கைன்னு கேக்கலை" என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. என்னைத் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அன்று அவர் சாப்பிடாமல் கடைசி பஸ்ஸுக்கே இறங்கிவிட்டார். என் சம்சாரம் களியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, "நல்லதுதாஞ் செஞ்சீங்க" என்றாள். ஆனால் அவளும் சாப்பிடவில்லை.

அடுத்த பருவத்தில் அவர் வரவில்லை. களத்தில் பெண்கள் கேட்டார்கள். தெரியாது என்றேன். பாறைப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

மழைக்காலத்தில் ரைட்டர் போனுக்கு அவர் கூப்பிட்டார். பழைய நோட்டை எடுத்து, கோடு போட்ட நாட்களையெல்லாம் நீக்கி, மறுபடியும் முதலிலிருந்து கணக்குப் பார்த்தாராம். உடனே மாறுகிற தூக்கம் என்று ஒன்று மிச்சமே இல்லை. நிஜமாகவே வேலை மாறிய எங்கள் ஆட்களின் உடம்பும் மற்றவர்கள் உடம்பு மாதிரிதான், நாள் கணக்காக அல்லாடுகிறது. அதைக் கட்டுரை வந்த பத்திரிகைக்கு எழுதி, திருத்தம் என்று அச்சிடவைத்துவிட்டார். பதவிக்கு விண்ணப்பம் போடும்போது அந்தத் திருத்தத்தையும் மேலே வைத்தே போட்டாராம். பதவி வேறொருவருக்குப் போய்விட்டது.

"என்னாலதானுங்களே அம்மா" என்றேன்.

"உங்களாலதான் அண்ணா, மத்தவங்க கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சது. நோட்டுல எல்லாக் கோடும் சரியா இருந்துச்சு. ஒண்ணுகூட விட்டுப்போகலை" என்றார். போனை வைத்த பிறகும் நான் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன் என்று ரைட்டர் சொல்லிச் சிரித்தார்.

அந்த வருஷப் பறிப்புக்கு வந்துவிட்டார். மலைக்கு ஏற்ற செருப்புப் போட்டுக்கொண்டு. நேராகப் பாறையில் ஏறினார். கீழே எல்லோரும் நின்று பார்த்தோம்.

"எத்தனைங் கண்ணு?" என்றாள் அக்கா. எல்லாக் கதையும் அவளுக்குத் தெரியும்.

"பழையது நின்னுபோச்சுக்கா. திருத்தத்தை ரெண்டு பேர் எடுத்திருக்காங்க."

"ரெண்டு போதும் சாமி. நோவில்லாத நாத்து ரெண்டு போதும். எறங்கி வா, பசிக்குது."

மறுநாள் வாட்ச் பெட்டியைத் திறந்தார். புதிதாக அச்சடித்த தாளில் நாள், படுத்த நேரம், எழுந்த நேரம் என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் இருந்தது. அதில் 'யார் கை?' என்று தமிழில் போட்டிருந்தார். இப்போது அவர் போகிற ஊர்களிலெல்லாம் அந்தக் கட்டம் உண்டாம். பதவியும் சில வருஷம் கழித்து வந்தது. அந்தக் கட்டத்தால் வந்ததல்ல, மற்ற கட்டுரைகளால் வந்தது என்று அவரே சொன்னார்.

புதுத் தாளோடு வந்த அந்தப் பருவத்தில்தான் இதையெல்லாம் எழுதித் தரச்சொல்லிக் கேட்டார். எப்படி நடந்தது என்று அவர் சொன்னால் அவர் பக்கம் மட்டும்தான் வருமாம். சரி என்று சொல்லிவிட்டு வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டேன். என் மகள் வந்திருந்தபோது, "அப்பா, நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன். என்ற எழுத்து முத்து முத்தா இருக்கும்" என்றாள். அவள் அம்மாவும் அதுதான் நல்லது என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதற்கு ஆள் மாத்து கிடையாது.

ஆகவே இது முழுவதும் என் கைதான். இதில் எந்த எழுத்துக்காவது அடியில் கோடு தெரிந்தால், அது பேனா இழுத்தது.

தை மாதம் பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பறிப்பு முடிந்த மறுநாள்.